மண் உறிஞ்சழுத்தம்

உலர்ந்த பானை ஓட்டுத் துண்டொன்றை நாக்கு நுனியில் வைத்தால் சட்டென ஒட்டிக்கொள்ளும். ஓட்டின் நுண்துளைகள் நாக்கின் ஈரத்தைத் தம்பால் இழுப்பதே காரணம். மண்ணியலாரும் கட்டுமானப் பொறியாளரும் 'சாயில் சக்‌ஷன்' என்று சொல்வது இத்தகைய இழுப்பின் அளவைத்தான். உறிஞ்சுதலைக் குறிக்கும் 'சூகெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது 'சக்‌ஷன்'. இக்கருத்துக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் எட்கர் பக்கிங்காம். 1907இல் வெளிவந்த ஆய்வில் அவர் இதனை நுண்புழை ஆற்றல்நிலை, அதாவது நுண்துளைகளில் பிடிபட்ட நீரைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல், என்ற பொருளில் விளக்கினார்.

மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது வேறு, அந்நீரை மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது வேறு. மணலில் 8 விழுக்காடு ஈரத்தில் தழைத்து நிற்கும் பயிர், கனத்த களிமண்ணில் 20 விழுக்காடு ஈரம் இருந்தும் வாடிப்போகலாம். ஏனெனில் களியின் துளைகள் மிகக் குறுகியவை, துளை குறுகக் குறுக நீரைப் பிரித்தெடுக்க வேண்டிய இழுப்பும் கூடுகிறது. 0.03 மி.மீ. விட்டமுள்ள துளையிலிருந்து நீரை வெளியேற்ற ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் போதும். பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடும் நிலைக்கோ 1,500 கிலோபாஸ்கல் என்பது வழக்கமான கணக்கு.

வயலில் இதனை அளக்கும் 'டென்சியோமீட்டர்' என்னும் கருவியின் அடிநுனியிலும் நுண்துளையுள்ள சுடுமண் குவளைதான் இருக்கிறது, நாம் நாக்கில் வைத்த ஓட்டின் நெருங்கிய உறவு! நீர் நிரம்பிய அதன் குழாயிலிருந்து காய்ந்த மண் நீரை இழுக்க, மேலே உள்ள மானியின் முள் நகரும். ஆயினும் ஏறத்தாழ 80 கிலோபாஸ்கலைத் தாண்டினால் குழாயில் காற்றுக்குமிழ் தோன்றி, கருவி பயனற்றுப் போகும்.

தமிழில் இதற்கு 'உறிஞ்சுவிசை' என்று எழுதுவோர் உண்டு. அது பொருந்தவில்லை என்பேன். விசையின் அலகு நியூட்டன், இங்கு அளக்கப்படுவதோ அழுத்தத்தின் அலகான பாஸ்கலில். அழுத்தம் என்றால் தள்ளுவதுதானே என்று கேட்கலாம். ஆனால் மண்நீரின் அழுத்தம் துளைக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே இந்த அளவு என்பதால், 'உறிஞ்சழுத்தம்' என்பதே தகும். உழவர் வழக்கிலுள்ள 'ஈரப்பிடிப்பு' அழகிய சொல்லே எனினும், அது நீரின் அளவையும் சேர்த்துச் சுட்டுவதால் இதற்கு ஈடாகாது. உப்பு மிகுந்த நிலத்தில் இதனோடு, கரைந்த உப்பு நீரைத் தம்பால் இழுப்பதால் எழும் சவ்வூடு உறிஞ்சழுத்தமும் சேர்ந்துகொள்வதால், மண் நனைந்திருக்கும்போதே பயிர் தாகத்தில் தவிக்கும்.