வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதுமா?

இடைநிலைப்பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் வந்துவிட்டால் பினாங்கில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான்: "மேடம், அந்தக் காலேஜ் இங்கிலாந்து யூனிவர்சிட்டியோட சேர்ந்து நடத்துறாங்களாம். பிள்ளை முடிச்சா நேரா அங்கேயே வேலைக்குப் போயிடலாமா?" தாதியர் பயிற்சியாளராக நான் சொல்லும் பதில், முடியாது.

சான்றிதழில் எந்த நாட்டு முத்திரை இருந்தாலும், இங்கே வேலை செய்ய மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பதிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்குப் போவதென்றால் அந்த நாட்டுத் தாதியர் மன்றம் தன் பங்குக்குச் சோதிக்கும்: ஆங்கிலத் தகுதி, கணினித் தேர்வு, பிறகு அங்கேயே போய்ச் செய்துகாட்டும் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. மலேசியாவில் படித்த பட்டத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் மட்டும் இவை தள்ளுபடி ஆகிவிடாது.

அதற்காக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேரும் கூட்டே வீண் என்று சொல்ல மாட்டேன். காசு எதில் இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேனிகினில்தான், அதாவது நோயாளி போலச் செய்த பயிற்சிப் பொம்மையில்தான் இறங்குகிறது. மூச்சு விடும், நாடி துடிக்கும், விலையோ வீட்டு முன்பணம் அளவுக்கு இருக்கும். அதை இயக்கத் தெரிந்தவர் வேலை மாறிப் போனதும் துணி போர்த்தி மூலையில் கிடக்கும். அமெரிக்க மாநிலத் தாதியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வார்டுப் பயிற்சி நேரத்தில் 50 விழுக்காடு வரை சிமுலேஷனுக்கு, அதாவது இப்படிப் பாவனையாகச் செய்யும் பயிற்சிக்கு, மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை. கல்லூரி விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அந்த ஆய்வில் பாடம் நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மாணவரை உட்காரவைத்து, ஏன் அப்படிச் செய்தாய், எதைக் கவனிக்கத் தவறினாய் என்று முறையாகப் பேசினார்கள். மாணவர் கற்பது அந்தப் பேச்சில்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நம் ஆசிரியர்களுக்கு அதைக் கற்றுத்தந்தால், பழைய மேனிகினே போதும்.

அடுத்தது பாடத்தின் உள்ளடக்கம். நீரிழிவால் காலில் புண், நோயாளி வீடு திரும்புகிறார் என்று ஒரு பாடம். இங்கிலாந்தில் எழுதப்பட்ட பதிப்பில் சமூகத் தாதி வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுவார். இங்குள்ள பட்டர்வொர்த் பாட்டிக்கோ கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மகன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு மோட்டாரில் ஏற்றிப் போக வேண்டும். வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவருக்கும் சேர்த்துச் சாப்பாட்டு முறையைச் சொல்ல வேண்டும். இதைத் திருத்தி எழுதும் உரிமை உள்ளூர் ஆசிரியருக்கு உண்டா என்பதை வைத்தே ஒரு கூட்டின் தரத்தை நான் எடைபோடுவேன். திருத்தக் கூடாது என்றால் அது கூட்டே இல்லை, கடைக்கிளை.

டிப்ளோமா முடித்து வேலையில் இருப்பவர்கள் சேரும் பட்டப்படிப்புகளில் வேறொரு சிக்கல். வெளிநாட்டு விரிவுரையாளர் சில நாள் வந்து மொத்தப் பாடத்தையும் நடத்திவிட்டுப் போவார். நைட் டூட்டி முடித்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அதில் எவ்வளவு ஏறும்? அவர் போன பிறகு சந்தேகம் தீர்க்க உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்குமுன், அந்தப் படிப்பு, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலான மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். தாதியர் வாரியத்தின் ஒப்புதலையும் தனியாகக் கேளுங்கள். வாரியத் தேர்வில் கடைசி மூன்று மாணவர் குழுக்களில் எத்தனை பேர் முதல் முறையே தேறினார்கள் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். "அப்புறம் அனுப்புகிறோம்" என்றால், அது வந்து சேரும்வரை பணத்தைக் கட்டாதீர்கள்.