ஓடும் நீரை நடக்கவைக்கும் பொறியியல்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கே சேர்வது 1 லிட்டர் நீர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டும்போது ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 167 லிட்டர் விழுகிறது. அந்த நிலம் முழுவதும் காங்கிரீட்டும் தாரும் கூரையுமாக இருந்தால் அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது நொடிக்கு 150 லிட்டர், அப்போதே வடிகாலைத் தேடி ஓடுகிறது. அதே நிலம் இளகிய மண்ணும் அடர்ந்த செடிகொடிகளுமாக இருந்தால் ஓடுவது 30 லிட்டரைச் சுற்றியே இருக்கும். மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, விழும் நீரில் எத்தனை பங்கை அந்த நிலம் வழியவிடும் என்ற விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வடிகாலில் வரக்கூடிய உச்ச ஓட்டம் கிடைக்கும் என்ற இந்தக் கணக்கை அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி 1851-இல் எழுதினார். எமில் கைக்லிங் 1889-இல் அமெரிக்காவில் அதை நகரச் சாக்கடைகளின் வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நகரங்கள் இந்தக் கணக்கிலிருந்து பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வந்தன: ஓட்டம் கூடினால் குழாயைப் பெரிதாக்க வேண்டும். பெருக்கப்படும் மூன்று எண்களில் வழிவு விகிதம் மனிதர் கையில் இருப்பது, அதைக் குறைக்க முடியும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே இயற்கை சார்ந்த மழைநீர் மேலாண்மை.

குழாயைப் பெரிதாக்குவதில் செலவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மேட்டுப் பகுதியின் நீர் விரைவாக வடிந்தால் அது தாழ்வான பகுதியை இன்னும் விரைவாகச் சென்றடையும். பல தெருக்களின் உச்ச ஓட்டங்களும் ஒரே நேரத்தில் அங்கே வந்து கூடினால் வெள்ளம் இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. ஓடும் நீரை நடக்கவை, நடக்கும் நீரை நிற்கவை, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறங்கவை என்று நீர்வடிப்பகுதி மேம்பாட்டில் ஈடுபடுவோர் சொல்வது வழக்கம். நகர வெள்ளத்துக்கும் அந்த வரிசை அப்படியே பொருந்துகிறது. இந்த முறைகளை எத்தனை லிட்டர் நீரைப் பிடித்தன என்று மட்டும் அளப்பதைவிட, உச்ச ஓட்டத்தை எவ்வளவு நேரம் தள்ளிப்போட்டன என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

மண் நீரை எப்படி உள்வாங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் வழியாக நீர் இறங்குகிறது; களிமண்ணில் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரையும், வண்டல் கலந்த நடுத்தர மண்ணில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரையும், மணலில் 30 மில்லிமீட்டருக்கு மேலும் இறங்கும் என்பது பாசனத் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. மழை தொடங்கும்போது காய்ந்த மண் விரைவாக உறிஞ்சி, ஈரம் ஏற ஏற வேகம் குறைந்து, பிறகு ஒரு நிலையான அளவில் நின்றுவிடும். ஆனால் துகள்களின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. மண்புழுக்கள் துளைத்த வழிகளும், பழைய வேர்கள் மக்கிப்போய் விட்டுச்சென்ற குழாய்களும் துகள் இடைவெளிகளைவிடப் பன்மடங்கு அகலமானவை. உயிருள்ள மண் தன் வகைக்குரிய வேகத்தைவிடக் கூடுதலாக நீரை இறக்குவது இவற்றால்தான். கட்டுமான இயந்திரங்கள் ஏறி இறங்கிய நிலத்தில் இந்த வழிகள் நசுங்கிவிடுகின்றன. அப்படி இறுகிய நிலத்தின் மேல் புல்லை விரித்துவிட்டு அதைப் பசுமைப் பகுதி என்று கணக்குக் காட்டினாலும், பெருமழையில் அது கிட்டத்தட்டத் தார்ச்சாலையைப் போலவே நடந்துகொள்ளும். பச்சையாகத் தெரிவதெல்லாம் நீரை வாங்கும் என்று நம்புவதே இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

கட்டடங்களும் சாலைகளும் நிலத்தை மூடும்போது மழையின் பங்கீடு எப்படி மாறுகிறது என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. இயற்கையான நிலத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு நீர் வழிந்தோடுகிறது, 50 விழுக்காடு மண்ணுக்குள் இறங்குகிறது, 40 விழுக்காடு ஆவியாகவும் தாவரங்களின் வழியாகவும் காற்றுக்குத் திரும்புகிறது. நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டால் வழிந்தோடுவது 55 விழுக்காடாகிறது, இறங்குவது 15 விழுக்காடாகச் சுருங்குகிறது.

இந்த இழப்பை ஈடுசெய்யும் அமைப்புகளில் மிக நுணுக்கமானது மழைத்தோட்டம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவான இந்த அமைப்பு, பார்வைக்குச் சற்றே பள்ளமான ஒரு பூம்பாத்தி. உள்ளே பல அடுக்குகள் கொண்ட ஒரு வடிகட்டி. மேலே 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்க இடம், அதன் கீழே மணல் மிகுந்த கலவை மண், அதற்கும் கீழே சரளைக்கல், தேவையான இடங்களில் சரளைக்குள் துளையிட்ட குழாய் என அது அமைகிறது.

இதன் திறனை ஒரு கணக்கில் பார்க்கலாம். 200 சதுர மீட்டர் கூரையின் நீர் 20 சதுர மீட்டர் மழைத்தோட்டத்துக்குத் திருப்பப்படுவதாகக் கொள்வோம். 25 மில்லிமீட்டர் மழையில் கூரையிலிருந்து 5,000 லிட்டரும், தோட்டத்தின் மேல் நேரடியாக 500 லிட்டரும் வந்து சேரும். தேங்கும் பள்ளத்தின் ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால் அது 4,000 லிட்டரைத் தாங்கும். 80 சென்டிமீட்டர் ஆழமுள்ள கலவை மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்றால் அங்கே இன்னும் 3,200 லிட்டருக்கு இடமுண்டு. ஆகவே இந்த மழை முழுவதும் தோட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதே கூரையில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் வந்து சேர்வது 22,000 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கு வெளியே வழிந்தாக வேண்டும். அந்த வழிவுக்கு முன்கூட்டியே பாதை வகுக்காத மழைத்தோட்டம், உபரிநீர் வெளியேறும் கலங்கல் இல்லாத ஏரிக்கு ஒப்பானது: நிரம்பும்வரை நன்மை செய்யும், நிரம்பிய பிறகு கரையை எங்கே உடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அடியிலுள்ள இயல்பான மண் மணிக்கு 20 மில்லிமீட்டர் உறிஞ்சுமானால், மேலே தேங்கிய 20 சென்டிமீட்டர் நீர் 10 மணி நேரத்தில் மறைந்துவிடும். மணிக்கு 2 மில்லிமீட்டர் மட்டுமே உறிஞ்சும் களிமண்ணாக இருந்தால் அதற்கு 100 மணி நேரம், அதாவது நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். செடிகளின் வேர் மூச்சுத்திணறும், அடுத்த மழைக்கு இடமும் இருக்காது. கொசுவின் முட்டை வளர்ந்து பறக்கும் கொசுவாக வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், தேங்கிய நீர் 48 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும் என்று பல வடிவமைப்பு விதிகள் வரையறுக்கின்றன. களிமண் பகுதிகளில் துளையிட்ட குழாய் தேவைப்படுவது இதனால்தான். அங்கே தோட்டம் நீரை நிலத்துக்குள் அனுப்புவதைவிட, வடிகட்டி, தாமதப்படுத்தி, சிறுகச் சிறுக வடிகாலுக்கு விடுகிறது. உச்ச ஓட்டத்தைக் குறைக்க அந்தத் தாமதமே போதுமானது.

சாலையில் ஓடும் மழைநீர் வெறும் மழைநீர் அல்ல. எண்ணெய், பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு, டயரிலிருந்து உதிரும் துத்தநாகம் ஆகியவை அதில் கலந்திருக்கின்றன. வடமேற்கு அமெரிக்காவின் நகர ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்ததன் காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் காக்கச் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் என்ற சேர்மமே கொலையாளி என்று 2020-இல் கண்டறியப்பட்டது. இதில் கவனிக்கத்தக்கது, கொலையாளி யார் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதே சாலைநீரை மணலும் மக்கிய உரமும் மரப்பட்டையும் கலந்த மண் அடுக்கில் வடிகட்டிக் கொடுத்தபோது மீன்கள் பிழைத்ததை ஆய்வாளர்கள் கண்டிருந்தனர் என்பதே. மக்கிலுள்ள கரிமப்பொருள் பல நச்சுகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. நைட்ரேட் மட்டும் அப்படி ஒட்டாது. அதற்காகக் குழாயின் வெளிவாயைச் சற்று உயர்த்தி, அடியடுக்கு எப்போதும் நீரில் மூழ்கியிருக்கச் செய்கிறார்கள். காற்றில்லாத அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன.

மற்ற அமைப்புகளின் அடிப்படையும் நீரைப் பிடித்துத் தாமதப்படுத்துவதே. பசுமைக்கூரை 5 முதல் 15 சென்டிமீட்டர் இலேசான மண்ணில் சிறுமழையைப் பிடித்து ஆவியாக்குகிறது. நீரூறிய மண்ணின் எடையைக் கட்டடம் தாங்குமா என்பதை முதலிலேயே கணக்கிட வேண்டும். மரத்தின் இலைகள் மழையின் முதல் சில மில்லிமீட்டர்களைத் தாங்கிக்கொள்கின்றன, வேர்கள் மண்ணைத் திறந்துவைக்கின்றன. நீர்புகும் தளக்கற்கள் வாகன நிறுத்துமிடத்தின் அடியிலுள்ள சரளை அடுக்கையே தற்காலிகத் தொட்டியாக்குகின்றன.

கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில் இந்தத் தாமதத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். அங்கே சாதாரண மழையே குழாயை நிரப்பி, சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா, 2011-இல் தொடங்கிய 25 ஆண்டுத் திட்டத்தில், இதற்குப் பெரும் சுரங்கத் தொட்டிகளைத் தோண்டுவதற்கு மாறாக நகரெங்கும் சிறு பசுமை அமைப்புகளை முதன்மைத் தீர்வாகத் தேர்ந்தெடுத்தது. அதன் அடிப்படை அலகு, மூடப்பட்ட ஒரு ஏக்கர் பரப்பில் விழும் முதல் 1 அங்குல மழையைக் கையாள்வது. லிட்டர் கணக்கில் அது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.

சீனா 2015-இல் 16 நகரங்களையும் அடுத்த ஆண்டு மேலும் 14 நகரங்களையும் முன்னோடியாகக் கொண்டு பஞ்சு நகரத் திட்டத்தை நடத்தியது. நிலவடிவமைப்பாளர் யு கோங்ஜியான் நெடுங்காலம் வலியுறுத்திய கருத்து அது. 2030-க்குள் நகரப் பரப்பில் 80 விழுக்காடு, மழைநீரில் 70 விழுக்காட்டை உள்வாங்க வேண்டும் என்பது இலக்கு. இந்த 70 விழுக்காடு ஆண்டு மொத்த மழையைக் குறிக்கிறது. ஒரு பெருமழையின் 70 விழுக்காட்டை அல்ல. பல ஊர்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி சிறு மழைகளாகவே பெய்வதால், ஒரு நாளில் சில பத்து மில்லிமீட்டர்களைப் பிடிக்கும் அமைப்பே அந்த இலக்கை எட்டிவிடும். செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் கொட்டியபோது நீர் புகுந்த மெட்ரோ ரயிலில் 14 பேர் இறந்தனர். பஞ்சு நகரப் பணிகளுக்குப் பெரும் பணம் ஒதுக்கிய நகரம் அது என்பதால், திட்டமே தோற்றதாகப் பலர் எழுதினர். அது நியாயமான தீர்ப்பு அல்ல. ஒரு ஹெக்டேருக்கு ஒரு மணி நேரத்தில் 20 லட்சம் லிட்டர் என்ற அந்த அளவுக்கு எந்த மழைத்தோட்டமும் வடிவமைக்கப்படுவதில்லை. அந்த எல்லையை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லாததையே குறை கூற வேண்டும்.

எல்லையை ஒப்புக்கொண்டு வடிவமைத்ததற்குக் கோபன்ஹேகன் எடுத்துக்காட்டு. 2011 ஜூலை 2 அன்று இரண்டே மணி நேரத்தில் சில இடங்களில் 100 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்த மழைக்குப் பிறகு, அந்நகரம் 2012-இல் மேகவெடிப்பு மேலாண்மைத் திட்டத்தை வகுத்தது. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையிலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்பது அதன் வரையறை. 10 சென்டிமீட்டர் வரை நிற்கலாம் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அத்தகைய மழைநாளில் சில தெருக்கள் கால்வாயாக மாறும்படியும், சில பூங்காக்கள் குளமாகும்படியும் சரிவுகள் மாற்றப்படுகின்றன. எங்ஹாவ பூங்கா மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் லிட்டரைத் தாங்கும்.

சிங்கப்பூர் பிஷான் - அங் மோ கியோ பூங்காவில், 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய காங்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். வளைவும் புதரும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன என்றால் வெள்ளம் கூடாதா என்ற கேள்வி எழும். நீர் ஏற ஏற அது பரவ அகலமான புல்வெளி இருப்பதால், வேகத்தில் இழந்ததைக் குறுக்குவெட்டுப் பரப்பு ஈடுசெய்வதோடு, கொள்ளளவு முன்பைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. கரைகளை வேர்களாலும் கற்களாலும் பிடித்துவைக்கும் உத்திகளை முதலில் ஒரு சிறு கிளையில் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கையாண்டார்கள். நீர் ஏறும்போது பூங்காவில் இருப்பவர்களை எச்சரிக்க விளக்குகளும் ஒலிப்பான்களும் வைக்கப்பட்டுள்ளன.

இவற்றைக் கட்டுவதைவிடப் பேணுவதே கடினம். நீர்புகும் தளத்தின் துளைகளில் புழுதி அடைந்தால் உறிஞ்சு இயந்திரத்தால் அவ்வப்போது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் அது சாதாரணத் தளமாகிவிடும். நிலத்தடி நீர்மட்டம் மிக மேலே இருக்கும் இடத்திலும், மாசடைந்த தொழிற்சாலை நிலத்திலும், கட்டட அடித்தளத்தை ஒட்டியும் நீரை மண்ணுக்குள் இறக்கக் கூடாது. மழைத்தோட்டத்தில் மிகுதியாகப் பழுதாகும் பகுதிகளில் ஒன்று, சாலையோரக் கல்வரிசையில் நீர் உள்ளே வர விடப்பட்ட சிறு திறப்பு. சருகும் மணலும் அங்கே ஒரு கை உயரத்துக்குச் சேர்ந்தாலே போதும், நீர் தோட்டத்தைத் தாண்டி நேராக வடிகாலுக்குப் போய்விடும். அந்த வாயைப் பருவமழைக்கு முன்னும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வாரிச் சுத்தம் செய்வது எந்தத் துறையின் வேலை, அதற்கான ஆளும் பணமும் எந்தக் கணக்கில் வரும் என்பதை வரைபடம் போடும்போதே எழுதிவைக்க வேண்டும்.