ஸ்டேக்ஹோல்டர் பங்குதாரர் அல்ல

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் போன மாதம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்புத் திட்டங்களைப் பற்றிச் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சடித்திருந்தது. தமிழில், "ஊழியர்கள் உட்பட எங்கள் பங்குதாரர்கள் அனைவரின் நலனையும் பேணுகிறோம்" என்று இருந்தது. "தம்பி, நமக்கும் ஷேர் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். இல்லைக்கா என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது. அவர் சரியாகத்தான் படித்தார், எழுதியவர்தான் ஸ்டேக்ஹோல்டர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பங்குதாரர் என்று தப்பாக எழுதிவிட்டார்.

பங்கு என்பதைப் 'பகு'வோடு சேர்த்துச் சொல்வார்கள், பகுத்துக் கிடைப்பது. தார் பாரசீகத்திலிருந்து வந்தது, ஜமீன்தார், தாசில்தார் மாதிரி, வைத்திருப்பவர் என்று பொருள். ஆக, பங்குதாரர் என்றால் ஷேர்ஹோல்டர், நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருப்பவர். பாரசீகம் வேண்டாம் என்பவர்கள் பங்குடைமையாளர் என்று எழுதட்டும், எனக்கு அதில் தகராறு இல்லை.

ஸ்டேக்ஹோல்டர் வேறு சொல். பந்தயம் கட்டிய இருவரின் பணத்தையும் நடுவில் வாங்கி வைத்திருப்பவரைத்தான் ஆங்கிலத்தில் முதலில் அப்படிச் சொன்னார்கள். இன்றைய பொருள் 1963இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக் கழகத்தின் உள்குறிப்பு ஒன்றில் வந்தது: யாருடைய ஆதரவு இல்லாவிட்டால் ஒரு நிறுவனம் நிலைக்க முடியாதோ, அவர்கள். ஸ்டாக்ஹோல்டர் (ஷேர்ஹோல்டருக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர்) மட்டும்தான் கணக்கா என்று கேட்பதற்காகவே ஓசை ஒத்த இந்தச் சொல்லை எடுத்தார்கள். பிரித்துக் காட்டப் பிறந்த சொல்லை நாம் தமிழில் மறுபடி ஒன்றாக்கி வைத்திருக்கிறோம்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: நிறுவனத்தின் சமூகப் பொறுப்பே லாபத்தைப் பெருக்குவதுதான், விதிகளுக்குள் நின்று பங்குதாரர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தால் போதும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1970இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் எழுதினார். 2019 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைப்பைச் சேர்ந்த 181 தலைமை நிர்வாகிகள், வாடிக்கையாளர், ஊழியர், தங்களுக்குப் பொருள் வழங்குபவர், சுற்றியிருக்கும் மக்கள், முதலீட்டாளர் எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பது ஆண்டு விவாதம் இது. நம் மொழிபெயர்ப்பில் இரண்டு பக்கமும் ஒரே வாக்கியம்தான்: "நிறுவனம் பங்குதாரர்களின் நலனைக் காக்க வேண்டும்."

நம் சிங்கப்பூரிலேயே பாருங்கள். துப்புரவுத் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் கட்டாயமானது. சம்பளம் ஏறினால் நிறுவனத்தின் செலவு ஏறும், அந்த ஆண்டு லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகை குறையலாம். ஆனால் ஆள் நிலையாக நின்றால் மாதாமாதம் புதுசாக ஆள் தேடிப் பழக்கும் செலவு மிச்சம், வேலையும் சுத்தமாக நடக்கும். இதில் பங்குதாரருக்குக் கடைசியில் லாபமா நஷ்டமா என்பது உண்மையிலேயே பேச வேண்டிய கேள்வி. துடைப்பம் பிடிக்கும் அக்காவும் பங்குதாரர், பங்கு வாங்கிப் போட்டவரும் பங்குதாரர் என்றால் அந்தக் கேள்வியை எழுப்பவே வழியில்லை. (ஷேர்ஹோல்டர் வேல்யூவை 'பங்குதாரர் மதிப்பு' என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, பங்குதாரரை ஊரில் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது போலிருக்கிறது. ஈவுத்தொகையும் பங்கு விலை ஏற்றமும் சேர்ந்த ஆதாயம் அது, 'பங்குதாரர் ஆதாயம்' போதும்.)

"ஸ்டேக் என்றாலும் பங்குதானே" என்று ஒரு நண்பர் விடாமல் வாதாடுகிறார். இல்லை. தமிழில் பங்கு என்றால் பணம் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பாகம் பிரிக்கும்போது கேட்கும் உரிமை இருக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டும் கிடையாது. அவருக்கு இருப்பது பிழைப்பு, அந்த நிறுவனம் எடுக்கும் முடிவால் ஏறி இறங்கும் பிழைப்பு. பங்காளி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது தாத்தா சொத்தில் பாத்தியதை உள்ள உறவுக்காரர், வாய்க்கால் வரப்புச் சண்டைதான் ஞாபகத்துக்கு வரும். பங்கேற்பாளர் என்றால் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர். பயனாளி இதையெல்லாம்விட மோசம், கொடுப்பதை வாங்கிக்கொள்பவர் என்று ஆகிவிடுகிறது, அவர் உழைப்பு இல்லாமல் நிறுவனம் நடக்காது என்ற பொருளே போய்விடும்.

நான் 'சம்பந்தப்பட்ட தரப்பினர்' என்று எழுதுவேன். சம்பந்தம் வடசொல்லாயிற்றே என்றால், சரி, 'தொடர்புடைய தரப்பினர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். தரப்பினர் என்பதை விட்டுவிடக் கூடாது, வெறுமனே தொடர்புடையோர் என்றால் போலிஸ் தேடும் ஆட்கள் மாதிரி ஆகிவிடும். நீளம்தான், ஆனால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கும் புரியும். அதைவிட நல்லது, இடம் இருந்தால் ஆட்களைப் பெயர் சொல்லியே எழுதுவது. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு சொல்லை நட்டுவிட்டுப் போகாமல், இது யார் கைக்குப் போகிறது என்று ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். அந்தப் பிரசுரத்தில் இப்படிப் போட்டிருக்கலாம்: "எங்கள் ஊழியர்கள், வாடிக்கையாளர்கள், அக்கம்பக்கத்தார், பங்குதாரர்கள் எல்லாருடைய நலனையும் பேணுகிறோம்."

ஸ்டேக்ஹோல்டர் கேப்பிட்டலிசம் என்று தலைப்பில் வந்தால் மட்டும் இந்த வழி உதவாது. அதற்கு இப்போதைக்கு 'எல்லாத் தரப்புக்குமான முதலாளித்துவம்' என்று எழுதிவருகிறேன்.