பிஇ (உடற்கல்வி) பாடத்துக்கு லீவு கடிதம் எழுதும் முன்

ஒவ்வொரு தவணையிலும் எங்கள் சிங்கப்பூர்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவார்கள்: "நாளைக்கு பிஇ இருக்கு, பிள்ளைக்கு லேசா மூக்கு ஒழுகுது, லெட்டர் குடுத்தா போதுமா, எம்சி (மருத்துவச் சான்றிதழ்) வேணுமா?" போன முறை கேட்டவர் எங்கள் புளோக்கிலேயே ஐந்தாவது மாடியில் இருக்கும் ஒரு தங்கச்சி. மாலையில் லிஃப்ட்டில் பார்த்தபோது உண்மை வெளியே வந்தது. மூக்கும் இல்லை, சளியும் இல்லை, பையனுக்கு மறுநாள் கணக்குச் சோதனை. "வெயில்ல ஓடிட்டு வந்து உக்காந்தா அவன் என்னத்தக்கா எழுதுவான்?"

நான் அவளைக் குறை சொல்ல முடியாது. மூத்தவள் தொடக்கநிலை மூன்றில் படித்தபோது நீச்சல் வகுப்புக்கு வராமல் இருக்க நானே கடிதம் எழுதி வைத்திருந்தேன், கறுத்துவிடுவாள், காதில் தண்ணீர் போகும் என்று காரணங்களை அடுக்கி. அது தனிக் கதை, பிறகு வருகிறேன். முதலில் சட்டம் என்ன, கணக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது 'விளையாட்டு பீரியட்' என்ற எண்ணம்தான் இன்னும் இருக்கிறது.

சிங்கப்பூரில் உடற்கல்வி கட்டாயப் பாடம். தொடக்கநிலை ஒன்றில் ஆரம்பித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரி வரைக்கும் கால அட்டவணையில் இருக்கும். தமிழுக்கும் கணக்குக்கும் இருப்பதுபோல இதற்கும் கல்வி அமைச்சின் பாடத்திட்டம் உண்டு. ஓட்டமும் தாண்டலும், விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், நீச்சல், வெளிப்புறக் கல்வி, உடல்நலமும் உடல்தகுதியும் என்று அதில் பல பகுதிகள். சொல்லிக்கொடுப்பவரும் வெறும் விசில் பிடித்தவர் இல்லை, பெரும்பாலும் தேசியக் கல்விக் கழகத்தில் உடற்கல்வி படித்து வந்தவர். மதிப்பெண் போட்டுத் தரவரிசைப்படுத்துவது இல்லை என்பதால் 'முக்கியமில்லாத பாடம்' என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

விலக்கு வேண்டுமா? ஒருநாள் உடம்பு சரியில்லை என்றால் பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆஸ்துமா, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்று நாள்கணக்கில் போகும் விஷயம் என்றால் மருத்துவர் கடிதம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அப்போதும்கூடப் பிள்ளையை வகுப்பறையில் தனியாக உட்கார வைக்காமல் ஆட்டப் புள்ளி குறிக்க வைப்பது, நண்பனின் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பார்க்க வைப்பது என்று ஏதாவது வேலை கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆசிரியரிடம் நேராகப் பேசுங்கள். குழுவில் கேட்டால் இருபது பேர் இருபது விதமாகச் சொல்வார்கள்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? நம் காலத்தில் மைதானத்தை நான்கு சுற்று ஓடு, பிறகு வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பந்தை எறி, மணி அடித்துவிடும். இப்போது அப்படி இல்லை. 1999 வாக்கில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றம் வந்தது. முதலில் திறனைப் பயிற்சி செய், அப்புறம் ஆடு என்ற வரிசையைத் திருப்பிப் போட்டு, சின்ன ஆட்டம் ஒன்றை ஆட விட்டு, அதில் பிள்ளைக்கே 'இங்கே என்ன பிரச்சினை' என்று தோன்ற வைத்து, பிறகு அதற்கு வேண்டிய திறனைச் சொல்லிக்கொடுப்பது. விளையாட்டின் கருத்தைப் பிடித்துக் கற்பிக்கும் முறை என்று சொல்லலாம்.

பெற்றோர் தொண்டூழியராகப் பள்ளிக்குப் போன ஒருநாள் இதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளரங்கில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். பந்தோடு ஓடக்கூடாது, தட்டிப் பறிக்கக்கூடாது, ஐந்து முறை கைமாறினால் ஒரு புள்ளி. ஆரம்பித்த அரை நிமிடத்தில் ஆறு பேரும் பந்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் மூலையில் கையைத் தூக்கியபடி நிற்கிறான், அவனுக்குப் பந்தே வரவில்லை. ஆசிரியர் விசில் ஊதினார், யாரையும் திட்டவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஆங்கிலத்தில்தான்: பந்து உன் கையில் இல்லாதபோது உன் வேலை என்ன? கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பெண் பிள்ளை, "அவன் பார்க்கிற மாதிரி இடத்துக்குப் போகணும்" என்றாள். மறுபடி ஆட்டம். மூலையில் நின்றவன் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தான், பந்து வந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இதே ஏற்பாடுதான் கணக்கு வகுப்பிலும். முதலில் கையில் தொடும் பொருள், பிறகு படம், கடைசியில் எண்ணும் குறியும். 2004 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 'குறைவாகக் கற்பிப்போம், அதிகம் கற்கட்டும்' என்று சொன்னபோது பலர் பாடத்தைக் குறைப்பது மட்டும்தான் என்று நினைத்தார்கள். பாடத்தில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்தான், ஆனால் நோக்கம் பிள்ளை தானே தேடிக் கற்க இடம் கொடுப்பது. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்குப் போகும் உரிமை உண்டு, உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று தனிப் பயிற்சிக் கழகமே இருக்கிறது. அதெல்லாம் உங்கள் பிள்ளையின் ஒரு பாடவேளைக்குள் வந்து சேரும் சரக்கு.

தொடக்கநிலை ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு இதோடு இன்னொன்றும் உண்டு. பிஏஎல் என்று கால அட்டவணையில் போட்டிருப்பார்கள், துடிப்பாகக் கற்கும் திட்டம். விளையாட்டு, வெளிப்புறக் கல்வி, நிகழ்கலை, காட்சிக் கலை நான்கையும் தொட்டுப் பார்க்க வைப்பார்கள். அந்த இரண்டு வகுப்புகளுக்கும் 2019 முதல் தேர்வே கிடையாது. மற்ற வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வைப் படிப்படியாக எடுத்து, 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி எல்லா நிலைகளிலும் இல்லாமல் செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இடையிடையே வரும் சோதனைகளும் ஆண்டிறுதித் தேர்வும். ஆக, 'பரீட்சை நேரம்' என்ற சாக்கு முன்பு இருந்த அளவுக்கு வலுவாக இல்லை, ஐந்தாவது மாடித் தங்கச்சியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

உடல் பருமன் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு தயக்கம் இருப்பது எனக்குத் தெரியும், அவர்களே தொண்ணூறுகளில் இங்கு படித்தவர்களாக இருந்தால் இன்னும் கூடுதலாக. 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் பள்ளி முடிந்தும் ஓட வைத்தார்கள். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று வரும், பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா. 2007இல் அதை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்குமான முழுமை உடல்நல அணுகுமுறைக்கு மாறிவிட்டார்கள். உங்கள் பழைய காயத்தைப் பிள்ளையின் தலையில் இறக்க வேண்டாம்.

பள்ளிகளில் நடக்கும் உடல்தகுதிச் சோதனையான நாஃபா பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் கணக்குத் தெரியாமல் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆறு சோதனைகள்: ஒரு நிமிடத்தில் எத்தனை சிட்-அப், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரத் தாண்டல், உட்கார்ந்து முன்னால் எட்டுவது, புல்-அப், பத்து மீட்டர் தூரத்தை நான்கு முறை கடக்கும் ஷட்டில் ஓட்டம், கடைசியாக நீண்ட ஓட்டம். தொடக்கப்பள்ளிக்கு 1.6 கிலோமீட்டர், உயர்நிலைக்கு 2.4. புல்-அப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தாழ்ந்த கம்பியில், உடலைச் சாய்த்துப் பிடித்தபடி. ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் இ வரை தரம், ஏ என்றால் 5 புள்ளி, இ என்றால் 1. தங்கம் வாங்க ஆறிலும் குறைந்தது சி, மொத்தம் 21 புள்ளி. வெள்ளிக்கு ஆறிலும் குறைந்தது டி, மொத்தம் 15. வெண்கலத்துக்கு ஆறிலும் குறைந்தது இ.

'ஆறிலும்' என்பதைக் கவனியுங்கள். ஐந்தில் ஏ வாங்கி 25 புள்ளி சேர்த்த பையன் புல்-அப்பில் ஒன்றுகூட எடுக்கவில்லை என்றால் அவனுக்கு விருதே இல்லை. ஓட்டத்தில் கெட்டிக்காரன் என்று அதையே ஓட விடாமல், பலவீனமான ஒன்றை வீட்டில் தினம் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சி மூலையில் கம்பி இருக்கிறது, காசா பணமா.

ஆண் பிள்ளை பெற்றவர்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. கட்டாயத் தேசிய சேவைக்குப் (ராணுவம் போன்ற பணி) போகும் முன் நாஃபாவில் குறைந்தது வெள்ளி வாங்கிய பையன், போர்ப்பணிக்குரிய உடல்தகுதி வகையில் இருந்தால், இரண்டாண்டுச் சேவையில் எட்டு வாரம் குறையும். பள்ளியில் நாஃபா எடுக்காதவர்கள் அல்லது தவறவிட்டவர்கள் சேவைக்கு முந்திய ஐபிபிடி என்ற உடல்தகுதிச் சோதனையில் 61 புள்ளி எடுத்தும் இதைப் பெறலாம். இரண்டு மாதம்! இதைச் சொன்னதும் லிஃப்ட்டில் தங்கச்சியின் கணவர், அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

இப்போது நீச்சல். ஸ்விம்சேஃபர் 2010இல் வந்த நீச்சல் பாதுகாப்புத் திட்டம், பெரும்பாலும் தொடக்கநிலை மூன்றில் பள்ளி மூலமாகவே நடக்கும். வேகமாக நீந்தக் கற்பது இதன் முதல் நோக்கம் இல்லை. தண்ணீரில் பாதுகாப்பாக இறங்கி ஏறுவது, மிதப்பது, ஆழத்தில் நின்ற இடத்திலேயே கைகால் அசைத்துத் தலையை மேலே வைத்திருப்பது, யாராவது தத்தளித்தால் தானும் குதிக்காமல் எப்படி உதவுவது, இவைதான். ஆறு நிலைகள், கடைசி மூன்று வெண்கலம், வெள்ளி, தங்கம். நான் எழுதி வைத்த அந்தக் கடிதத்தை என் மாமியார்தான் பார்த்துவிட்டுக் கிழித்தார். "சுத்தி கடலு, நடுவுல நாம, நீச்சல் வேணாமாம்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவில்லை. உடை பற்றிக் கவலை இருந்தால் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். பெண் பிள்ளைக்கு அந்த நாள்களாக இருந்தால் அதைச் சொல்லி அன்று மட்டும் விலகலாம், அதற்காக முழுப் பருவத்தையும் விட வேண்டியதில்லை.

முகாம்கள் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பிலேயே வந்துவிடும். பெரியது உயர்நிலை மூன்றில் வரும் ஐந்து நாள் ஓபிஎஸ் (அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர்) முகாம். 2016இல் அறிவித்த தேசியத் திட்டத்தின் ஒரு பகுதி அது. வேறு வேறு பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து குழு அமைப்பார்கள், கயாக் ஓட்டுவார்கள், கூடாரம் போட்டு வெளியே தூங்குவார்கள். சைவச் சாப்பாடு, மருந்து, ஒவ்வாமை எல்லாவற்றையும் படிவத்தில் எழுத இடம் இருக்கும். இரவு பத்து மணிக்கு அவசரமாக டிக் அடிக்காமல் அதை உட்கார்ந்து நிரப்புங்கள்.

பணம்? சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்கு அரசு எடுசேவ் என்ற கல்விக் கணக்கில் ஆண்டுதோறும் பணம் போடுகிறது: தொடக்கப்பள்ளிக்கு 230 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர்நிலைக்கு 290. பள்ளி ஏற்பாடு செய்யும் முகாம், பயிற்சி வகுப்பு போன்றவற்றின் கட்டணத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் சம்மதப் படிவம் வரும்போது அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ரொக்கமாக எடுக்க முடியாது. சேர்த்து வைத்தால் மிச்சம் வீணாகாது, உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறிவிடும். நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்கு எடுசேவ் கிடையாது, அவர்கள் கைக்காசு போட வேண்டும். நம் ஆள்களில் பாதிப் பேர் இதைத் தெரியாமல் அலுவலக முகப்பில் நின்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வருமானம் குறைவென்றால் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் இருக்கிறது. 2025 முதல் வீட்டின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள், அல்லது தலைக்கு 1,000 வெள்ளிக்குள் இருந்தால் போதும். இதுவும் குடிமக்களுக்குத்தான். பள்ளிக் கட்டணம், பாடப்புத்தகம், சீருடை, பள்ளிச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் உதவி எல்லாம் இதில் வரும். விண்ணப்பம் பள்ளி அலுவலகத்தில். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆண்டு நடுவில் வேலை போனாலும் கேட்கலாம்.

உயர்நிலையில் இணைப்பாட நடவடிக்கை, அதாவது பாடத்துக்கு வெளியே விளையாட்டு, கலை போன்ற ஒரு குழுவில் சேர்வது, கட்டாயம். அதில் தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என்று நான்கையும் பார்த்து 'மிகச் சிறப்பு' கிடைத்தால் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு போனஸ் புள்ளி, 'நன்று' என்றால் ஒன்று. பயிற்சிக்கு ஒழுங்காகப் போனாலே பங்கேற்பில் பாதி வேலை முடிந்தது. சனிக்கிழமை சிண்டா (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) துணைப்பாட வகுப்பும் ஆட்டமும் மோதினால் இரண்டு பக்கமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்கச்சி கடைசியில் கடிதம் எழுதவில்லை. மறுநாள் காலை பார்த்து மழை கொட்டி, மின்னல் எச்சரிக்கை வந்து, காற்பந்து என்று ஆசையாகக் காலணி மாட்டிப் போனவர்களை உள்ளரங்குக்கு அழைத்துப் போய் நடனம் ஆட வைத்துவிட்டார்களாம். "கணக்கு ஈசிதான், டான்ஸ்தான்மா கஷ்டம்" என்று பையன் கோபமாக வந்ததாகக் குழுவில் போட்டிருந்தாள்.