சலவைத் தூளைக் கடலில் கொட்டாதீர்கள்

போன வாரம் விடியற்காலையில் பாம்பனுக்குத் தெற்கே ஒரு மீன் இறங்குதளத்தில் நின்றிருந்தேன். எஞ்சின் ஆயில் மாற்றும்போது கேன் சாய்ந்து, கறுப்பு ஆயில் படகுகளுக்கு நடுவே பரவிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போவதற்குள் ஒரு தம்பி சலவைத் தூள் பாக்கெட்டுகளைப் பிரித்துத் தூவி, கம்பால் கலக்கிவிட்டார். "பாத்தீங்களா சார், சுத்தமாயிருச்சு" என்றார்.

எண்ணெய்க் கசிவு அபாயத்தைக் கணித்துத் துறைமுகங்களுக்குத் திட்டம் எழுதுவதும் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். இந்தச் சலவைத் தூள் வைத்தியத்தை இந்த வருடம் நான் பார்ப்பது இது நான்காவது தடவை. இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டில் மீன் பொரித்த சட்டியைக் கழுவுகிறோம். சட்டி சுத்தமாகிறது. எண்ணெய் அழிந்தா போகிறது? சாக்கடைக்குப் போகிறது. கடலில் அது போக வேறு இடம் ஏது? சோப்பு எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்குகிறது, அவ்வளவுதான். மேலே மிதந்தவரை அதைத் தடுத்து நிறுத்தி அள்ளியிருக்கலாம். இறங்கிய பிறகு யாராலும் அள்ள முடியாது. நம் கரையோரத்தில் பல இடங்களில் ஆள் உயரத் தண்ணீர்கூட இல்லை. அதற்குக் கீழேயே கடற்புல், பவளப்பாறை, நண்டுக் குஞ்சு, இறால் குஞ்சு. போதாததற்கு, சலவைத் தூளே மீனின் செவுளைக் கெடுக்கும்.

"கப்பல் விபத்துன்னா மருந்து தெளிக்கிறாங்களே?" என்று உடனே கேட்பார்கள். அது எண்ணெயைச் சிதறடிக்கவென்றே செய்த வேறு சரக்கு. ஆழமான கடலில், துளிகள் விரிந்து நீர்த்துப்போக இடமிருக்கிற இடத்தில், கடலோரக் காவல்படையின் அனுமதியோடு தெளிப்பது. பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் மேலே அதையே தெளிக்கக் கூடாது என்னும்போது, துணி துவைக்கிற தூளுக்கு என்ன வேலை?

அன்று கடற்பாசி எடுக்க இறங்கிய அக்கா ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். பாறை கீறாமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த கந்தல் துணி கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. முகர்ந்தேன், டீசல் நெடி. "தண்ணி தெளிவாத்தான தம்பி இருக்கு, கையில ஏன் ஒட்டுது?" என்றார். மூக்கு வரை முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர் அவர்.

பெரிய கப்பல் வராத கடல், நமக்கென்ன ஆபத்து என்கிறவர்களும் உண்டு. ராமர் பாலத் திட்டுகளால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன, சரி. ஆனால் பாம்பன் தூக்குப் பாலம் திறக்கக் காத்திருக்கிற இழுவைப் படகுகளிலும் சரக்கு மிதவைகளிலும் எரிபொருள் இல்லையா? கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுகள் ஒவ்வொன்றிலும் டீசல் இல்லையா? அபாயம் என்பது கசிய எவ்வளவு வாய்ப்பு என்பது மட்டுமல்ல, கசிந்தால் எதன்மேல் படும் என்பதும்தான். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. குந்துகால் கரையில் நின்றால் குருசடைத் தீவு கண்ணெதிரே தெரிகிறது.

எண்ணெய் நீரோட்டத்தோடு அப்படியே போகும். கூடவே காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதம் காற்றடிக்கும் பக்கமும் நகரும். ஆகவே தென்மேற்குக் காற்றடிக்கும் கச்சான் காலத்துக்கு ஒரு திட்டம், வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக் காலத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். வேறொரு துறைமுகத்தின் திட்டத்தைப் பெயர் மாற்றி என்னிடம் நீட்டினார்கள் ஓரிடத்தில். ஆறே இல்லாத கரைக்கு ஆற்றுமுகத்தைக் காப்பது எப்படி என்று அதில் இரண்டு பக்கம்! எண்ணெய் பரவாமல் தண்ணீர்மேல் மறித்துக் கட்டும் மிதவைத் தடுப்பு வாங்கி வைத்திருக்கிறோம் என்பதும் பதிலாகாது. நீரோட்டம் மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டரைத் தாண்டினால், குறுக்கே நேராகக் கட்டிய தடுப்புக்கு அடியில் எண்ணெய் நழுவிவிடும். பாம்பன் வாய்க்காலில் சாய்த்துக் கட்டி, எண்ணெயை அமைதியான மூலைக்கு ஒதுக்கித்தான் அள்ள வேண்டும். இதைப் பழகிப் பார்க்காமல் அன்றைக்கு வராது.

எஞ்சினுக்கு அடியில் தட்டு வையுங்கள். கழிவு ஆயிலை மூடியுள்ள டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். எஞ்சினடித் தண்ணீரை இரவோடு இரவாகக் கடலில் இறைக்காதீர்கள். கொட்டிவிட்டால் முதலில் கசிவை நிறுத்துங்கள், பீடியை அணையுங்கள். சாக்கு, தேங்காய் நார், பழைய துணி போட்டு ஒற்றி எடுங்கள். ஒற்றியதை மணலில் புதைக்கவோ கரையில் கொளுத்தவோ வேண்டாம், டிரம்மில் போட்டு மூடுங்கள். குழாய்த் தண்ணீர் அடித்து விரட்டவே வேண்டாம்.

உங்கள் கைக்கு மீறியது என்றால் தயங்காமல் 1554-க்கு, கடலோரக் காவல்படைக்கு, அழையுங்கள். யார் தப்பு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இடம், நேரம் சொல்லுங்கள். நிறத்தையும் சொல்லுங்கள்: வானவில் நிறம் என்றால் மெல்லிய படலம், ஒரே ஒரு லிட்டரே முக்கால் ஏக்கர் வரை அப்படி விரியும். கறுப்பாக இருந்தால் கனம் அதிகம், அங்கேதான் முதலில் அள்ள வேண்டும். அப்புறம், அது தீவுப் பக்கம் நகர்கிறதா கரைப் பக்கம் வருகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துச் சொல்லுங்கள். எதை முதலில் காப்பது என்று அதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம்.