கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமா? பணம் அனுப்பும் முன் பாருங்கள்

இந்த மாதம் இது மூன்றாவது தடவை. சம்பளப் பணம் வங்கியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். எக்செல் கோப்பைத் திறந்தால் 16 இலக்கக் கணக்கு எண்கள் எல்லாமே பூஜ்ஜியத்தில் முடிகின்றன. நாற்பது பேருக்கும் கடைசி இலக்கம் ஒன்றாகவா இருக்கும்? யாருமே கவனிக்கவில்லை.

"செல் ஃபார்மேட்டை மாத்தினா சரியாயிடும் சார்" என்கிறார்கள். சரியாகாது. எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த நம்பிக்கையால்தான். புதுத் தாளில் 9007199254740993 என்று அடித்து என்டர் தட்டுங்கள். முதலில் 'இ பிளஸ் 15' என்று சுருங்கித் தெரியும், நம்பர் என்று மாற்றினால் 16 இலக்கமும் விரிந்துவிடும், அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 9007199254740990. ஒற்றைப்படை எண் பத்தால் வகுபடும் எண்ணாகிவிட்டது. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்வதே இல்லை. அந்த 3 மறைந்திருக்கவில்லை, போயே போய்விட்டது, எந்த ஃபார்மேட்டாலும் திரும்பாது.

இந்த எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 2-ஐ 53 தடவை எழுதிப் பெருக்கினால் வருவது 9007199254740992. அதோடு ஒன்று கூட்டியதுதான் இது. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் முழு எண்கள் ஒன்றுவிடாமல் அடங்கும் எல்லை அந்த 992 தான்; சாதாரண எண்ணாக இதை எழுதினால் 992 என்றே முடியும். அந்த எல்லையிலிருந்து அதன் இருமடங்கு வரைக்கும் இரட்டைப்படை எண்களுக்குத்தான் இடம், அதற்கும் மேலே போனால் நான்கின் மடங்குகளுக்கு மட்டும். ட்விட்டருக்கும் இதே சிக்கல் வந்தது. 2010-இல் ட்வீட்டுகளின் அடையாள எண்களை எழுத்து வரிசையாகவும் சேர்த்துத் தர ஆரம்பித்தார்கள்.

கணக்கு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. பெயரைப் போல அதுவும் ஓர் எழுத்து வரிசை. அப்படியே நடத்துங்கள். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள், அடித்த பிறகு ஆக்கிப் பயனில்லை. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள், இம்போர்ட் வழியாக டெக்ஸ்ட் என்று சொல்லிக் கொண்டுவாருங்கள். முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களும் பிழைக்கும். இன்னொன்று, டெக்ஸ்டாகவே வைத்திருந்தாலும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்இஃப் சூத்திரம் போட்டு இரட்டைப் பதிவு தேடினால், முதல் 15 இலக்கம் ஒத்துப்போகும் இரண்டு எண்களை ஒன்றென்றே சொல்லும். அதை நம்பி ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே சேமித்துவிட்டீர்களா? தயவுசெய்து கடைசி இலக்கத்தை ஊகித்துப் போடாதீர்கள், தப்பினால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடலாம். பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக மறுபடி அடியுங்கள். நாற்பது பேர்தானே, ஒரு மணி நேர வேலை.