பிசையாத மாவை யாரு பிசையுறா?

திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. "சப்பாத்திக்கே மாவை நல்லா அடிச்சுப் பிசைன்னு எங்க மாமியார் உயிரை வாங்குவாங்க, இப்ப என்னடான்னா எம்பொண்ணு மைதால தண்ணிய ஊத்தி கரண்டியால நாலு சுத்து சுத்திட்டு மூடி வச்சுட்டு தூங்கப் போயிடுறா, மறுநாள் அதுல மொறுமொறுன்னு ஓட்டை ஓட்டையா ப்ரெட் வருது, கையே படாம இது எப்படிங்க?"

மாமியார் சொன்னதும் சரிதான், பொண்ணு செஞ்சதும் சரிதான். பொண்ணு செஞ்சது இன்னிக்கு நேத்து வந்த முறையும் இல்ல, 2006 நவம்பர்ல நியூயார்க் டைம்ஸ்ல மார்க் பிட்மன் எழுதி உலகம் பூரா பரவுன சமாச்சாரம். செய்முறை ஜிம் லேஹியோடது, நியூயார்க்ல சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி நடத்துறவர். 400 கிராம் மாவு, 300 கிராம் தண்ணி, 8 கிராம் உப்பு, ஈஸ்ட் வெறும் 1 கிராம். கலக்கி மூடி 12ல இருந்து 18 மணி நேரம் வச்சிடணும். அப்புறம் ஒரு மடி மடிச்சு இன்னொரு ரெண்டு மணி நேரம். கொதிக்கக் கொதிக்க சூடாக்குன கனமான பாத்திரத்துல போட்டு மூடி பேக் பண்ணணும். அவ்ளோதான் மொத்த செய்முறையும்.

குளூட்டன்னா என்னன்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, அதனால வேகமா சொல்லிடுறேன். கோதுமைல ரெண்டு முக்கியமான புரதம். குளூட்டெனின் நீளமான சங்கிலி, இழுத்தா திரும்பி வரும். கிளையடின் குட்டை, அதனாலதான் மாவு வழுக்கி நீளுது. காஞ்ச மாவுல ரெண்டும் சும்மா கிடக்கும், தண்ணி பட்டா ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நடுவுல கந்தக அணுக்கள் கை கோத்துக்கும் (பார்லர்ல முடிய நேராக்குறப்ப உடைச்சு திரும்ப ஒட்ட வைக்கிறாங்களே, அதே பிணைப்புதான்). இந்த வலைதான் குளூட்டன். 1728லயே இத்தாலில போலோன்யா ஊர்ல பெக்காரின்னு ஒரு பேராசிரியர் மாவைத் தண்ணில அலசி அலசி இதைத் தனியா எடுத்துக் காட்டிட்டாரு.

இதை நீங்களும் செஞ்சு பார்க்கலாம், செலவு ஒரு பிடி மைதா. மாவுல தண்ணி விட்டு லேசா ஒண்ணு சேர்த்து உருட்டுங்க, பிசையாதீங்க. பாதிய உடனே ஒரு வடிகட்டி மேல பிடிச்சு குழாய்த் தண்ணில அலசுங்க, பால் மாதிரி ஸ்டார்ச் ஓடும், கூடவே மாவும் துணுக்கு துணுக்கா பிஞ்சு போயிடும், கைல பெருசா ஒண்ணும் நிக்காது. மீதிய ஈரத்துணி போட்டு மூடி ரெண்டு மணி நேரம் கழிச்சு அதே மாதிரி அலசுங்க, இப்ப சூயிங்கம் மாதிரி சாம்பல் கலர்ல ஒரு உருண்டை நிக்கும், இழுத்தா இழுபடும். இடைல நீங்க அதைத் தொடவே இல்ல. வலைய உண்டாக்குனது உங்க கை இல்ல, தண்ணிதான். கை செய்யுறது அந்த வேலைய வேகப்படுத்தி, கன்னாபின்னான்னு கிடக்குற இழைங்கள ஒரு பக்கமா படிய வைக்கிறது. பிரான்ஸ்ல ரேமோன் கல்வெல்னு ஒரு ரொட்டி வாத்தியார் 1970கள்லயே, முதல்ல மாவையும் தண்ணியையும் மட்டும் கலந்து ஒரு அரை மணி நேரம் விட்டா அப்புறம் பிசையுற வேலை குறையும்னு சொல்லிக்குடுத்தாரு. நம்ம பரோட்டா மாஸ்டர் உருண்டைங்கள எண்ணெய்ல ஊறப் போட்டுட்டு டீ குடிக்கப் போறதுல பாதி இந்த சங்கதிதான்.

லேஹி மாவுல தண்ணியும் ஜாஸ்தி, 100 கிராம் மாவுக்கு 75 கிராம். சாதாரண சாண்ட்விச் ப்ரெட்டுக்கு 60, 65 இருக்கும். தண்ணி கூட இருந்தா புரதம் லேசா நகரும். மாவுலயே இயற்கையா இருக்குற புரோட்டியேஸ் என்சைம் அங்கங்க சங்கிலிய வெட்டி விடும், சிக்கல் அவிழ்ந்து திரும்ப ஒழுங்கா கோத்துக்கும்.

சரி, இழைங்கள யாரு படிய வைக்கிறா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது, கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஈஸ்ட் சர்க்கரைய சாப்பிட்டு கார்பன் டை ஆக்சைடு விடுது, அந்த வாயு குமிழியாகி மாவு உப்புது, இதைத்தானே ஸ்கூல்ல படிச்சோம்? அதுல ஒரு ஓட்டை இருக்கு. ஈஸ்டால ஒரு குமிழிய கூட புதுசா உண்டாக்க முடியாது! ஒரு கிராம் ஈஸ்ட்ல ஆயிரம் கோடி அளவுக்கு செல் இருக்கு, அத்தனையும் சேர்ந்தாலும் முடியாது. ஏன்னு தெரியணும்னா பலூன் ஊதுனதை நினைச்சுப் பாருங்க, முதல் ஊதுல கன்னம் வலிக்கும், கொஞ்சம் பெருசானதும் ஈஸியா போகும். குமிழியும் கிட்டத்தட்ட அப்படித்தான், எவ்ளோ சின்னதோ அவ்ளோ அழுத்தம் வேணும், ஏன்னா தண்ணியோட பரப்பு இழுவிசை அதை மூடப் பார்க்கும். ஆரம் ஒரு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்குற குமிழி திறந்து நிக்கணும்னா உள்ள கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அளவுக்கு எக்ஸ்ட்ரா அழுத்தம் வேணும், பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்னா கேக்கவே வேணாம். அதனால ஈஸ்ட் விடுற வாயு முதல்ல மாவுல இருக்குற தண்ணிலதான் கரையுது, சோடா மாதிரி. கரைஞ்சு கரைஞ்சு தண்ணி நிறைஞ்சதும் வாயு வழி தேடும், அப்ப ஏற்கனவே திறந்திருக்குற வீடு ஏதாவது இருந்தா அதுக்குள்ள புகுந்துக்கும். அந்த வீடு எது? நீங்க கரண்டியால நாலு சுத்து சுத்துனப்ப மாவுக்குள்ள மாட்டிக்கிட்ட சாதா காத்து. அந்தக் காத்துல இருந்த ஆக்சிஜனை ஈஸ்ட் சீக்கிரமே தின்னு தீர்த்துடும், நைட்ரஜன் மட்டும் குட்டி குட்டி குமிழியா காவல் நிக்கும், கார்பன் டை ஆக்சைடு குடி வர்றது அதுக்குள்ளதான்.

இதை 1941ல எழுதுனவங்க ரெண்டு பேரு, பேக்கர், மைஸ். ரொட்டி ஆராய்ச்சி பண்ணவர் பேரே பேக்கர், நான் கதை விடல. வெற்றிடத்துல மாவைக் கலக்கி காத்தை உறிஞ்சிட்டா, எவ்ளோ ஈஸ்ட் போட்டாலும் குமிழி வர இடம் இல்லாம ப்ரெட் உருப்படாதுன்னு காட்டுனாங்க.

இப்ப நம்ம மாவுக்கு வருவோம். வெறும் கரண்டி கலக்கல்ல மாட்டுன குமிழிங்க கம்மி, ஒரே சைஸ்லயும் இருக்காது. சின்னதுல அழுத்தம் ஜாஸ்தி, பெருசுல கம்மி, அதனால சின்னதுல இருக்குற வாயு மெல்ல கரைஞ்சு வெளிய வந்து பெருசுக்குள்ள போய் சேரும். ஊர் வழக்கம்தான், இருக்குறவனுக்கே போய் சேருது. 18 மணி நேரம் இது நடந்தா என்ன ஆகும், சிலது மட்டும் கோலிக்குண்டு சைஸ்ல வளரும், அதுதான் நீங்க ஆர்டிசன் ப்ரெட்னு காசு குடுத்து வாங்குற அந்த ஒழுங்கில்லாத ஓட்டைங்க. ஒவ்வொரு குமிழி வளரும்போதும் அதைச் சுத்தி இருக்குற மாவுச்சுவர் எல்லா பக்கமும் இழுபட்டு மெலிசாகுது, அப்பளம் தேய்க்குற மாதிரி, அப்ப அந்தச் சுவருக்குள்ள இருக்குற புரத இழைங்க தானா படிஞ்சுக்குது. அதாவது மாவை உள்ள இருந்தே குமிழிங்க பிசையுது, ராத்திரி பூரா, சத்தமில்லாம. அந்தக்கா கேட்ட கேள்விக்கு பதில் இதுதான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு முறை இருக்கு. 1961ல இங்கிலாந்துல சோர்லிவுட்ங்குற ஊர்ல பேக்கரி தொழில் ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, கிலோவுக்கு 11 வாட் மணி மின்சாரத்தை மூணு நிமிஷத்துல மாவுக்குள்ள அடிச்சு இறக்குறது, 11 வாட் எல்இடி பல்பை ஒரு மணி நேரம் எரிக்கிற சக்தி அது. மணிக்கணக்கான வேலை நிமிஷத்துல முடிஞ்சுது, புரதம் கம்மியான உள்ளூர் கோதுமையும் ஓடுச்சு, பெரிய சாதனைதான், மறுக்கல. ஆனா என் ஆதங்கம் வேற. நேரத்தை மிச்சம் பிடிக்கிற ஆராய்ச்சிக்கு காசு போட ஆள் வரும், ஏன்னா மெஷின் விக்கலாம். 'சும்மா வச்சிரு'ங்குறதை யாரு பாட்டில்ல அடைச்சு விக்கிறது? நம்ம கம்பங்கூழு, ஆப்ப மாவு, பழைய சோறு எல்லாம் காத்திருந்து செய்யுற சமாச்சாரம், அதுக்கு அரசாங்கம்தான் பணம் போடணும், போடலாம்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணும் சொல்லணும். 'கை ராசி'. அவ கரைச்சா இட்லி மாவு பொங்கும், இவ கரைச்சா பொங்காது, மாதவிடாய் நேரத்துல மாவைத் தொடக்கூடாது, இதெல்லாம் இன்னும் எத்தனை வீட்டுல ஓடுது! இட்லி மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடவே வருது. மாவு பொங்கலன்னா அன்னிக்கு குளிர், இல்ல உளுந்து பழசு. கையே படாம ப்ரெட் உப்புறதைப் பார்த்த பிறகாவது அந்தப் பேச்சை விடலாம்.

நம்ம ஊர்ல செய்யுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, நான் பட்ட பாடு. அந்த 18 மணி நேரக் கணக்கு 21 டிகிரி சமையலறைக்கு. நான் மே மாசம் சென்னைல அதை அப்படியே நம்பி ராத்திரி 7 மணிக்கு கலக்கி வச்சேன், மறுநாள் மதியம் மூடிய திறந்தா புளிச்ச கள்ளு வாடை, மேல தண்ணி பிரிஞ்சு நிக்குது, கரண்டில எடுத்தா ஊத்தப்ப மாவு மாதிரி ஒழுகுது. 10 டிகிரி ஏறுனா ஈஸ்ட் ரெண்டு மடங்குக்கு மேல வேகமா வேலை செய்யும், புரோட்டியேஸும் கூடவே ஓவரா வெட்டித் தள்ளும், புளிப்பு வேற ஏறும், வலை கரைஞ்சே போச்சு. ஊத்தப்பமாவே ஊத்தித் தின்னோம், நல்லாவே இல்ல. இப்பல்லாம் 7, 8 மணி நேரத்துல எடுத்துடுறேன், மேல குமிழி வெடிச்சு மாவு ரெண்டு மடங்கு ஆகியிருந்தா போதும். இல்லன்னா ரெண்டு மணி நேரம் வெளிய வச்சுட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல தள்ளிடுவேன்.

பாத்திரத்தை மூடி வைக்கிறது எதுக்குன்னா ஆவிக்கு. 230 டிகிரில சட்டிக்குள்ள மாவுல இருந்து கிளம்புற ஆவி வெளிய போக முடியாம மாவு மேலயே படியும், தோல் இளகியே இருக்கும், உள்ள வாயு விரிஞ்சு மாவு எகிறும். அரை மணி நேரம் கழிச்சு மூடிய எடுத்துட்டா தோல் காஞ்சு செவக்கும். மூடில பிளாஸ்டிக் பிடி இருந்தா முதல்லயே கழட்டிடுங்க.

அந்தக்கா கடைசில கேட்டது, ஆட்டா மாவுல வருமான்னு. வரும், ஆனா அவ்ளோ ஓட்டை வராது, தவிடோட துணுக்கு கத்தி மாதிரி குமிழிச் சுவரைக் குத்திடும். கல்லுல அரைச்ச ஆட்டால ஸ்டார்ச் நிறைய உடைஞ்சிருக்கும், தண்ணி கூட இழுக்கும். முதல் தடவை பாதி மைதா பாதி ஆட்டா போட்டு, தண்ணிய ரெண்டு ஸ்பூன் கூட்டிப் பாருங்க. வெந்ததும் ஒரு மணி நேரம் வெட்டாம ஆற விடணும், உள்ள ஸ்டார்ச் இன்னும் இறுகிட்டுதான் இருக்கும். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் விட்டதில்ல.